சவத்தைத் தள்ளுங்க

1

நம் ஊர் சபைப் பத்திரிகையை நடத்துகிற தம்பி போன் செய்தார். "அண்ணாச்சி, புலம்பெயர்ந்தோர் பக்கத்துக்குச் சிரிப்பா ஒண்ணு எழுதித் தாங்க. கனடா வந்தாச்சு, துபாய் வந்தாச்சு" என்றார். நான் குடியிருப்பது குன்றத்தூர், வேலைக்குப் போவது ஒரகடம், இரண்டும் இந்தியாவில்தான் இருக்கின்றன என்று நினைவூட்டினேன். "தெரியும் அண்ணாச்சி. ஆனா நீங்க ஊருக்கு வாற லெச்சணத்தப் பாத்தா, கனடாக்காரரு பக்கத்துத் தெருவுல இருக்க மாதிரில்லா இருக்கு" என்றார்.

ஆக, இது அயல்நாட்டுக் குறிப்பு. கடலைக் கடக்கவில்லை, விழுப்புரம் டோல்கேட்டைக் கடந்தேன். பாஸ்போர்ட்டில் முத்திரை விழவில்லை, நாக்கில் விழுந்தது.

வந்த புதிதில் வாடகை வீட்டு அம்மாவிடம், "சாரத்த மாடியில காயப்போடலாமா?" என்று கேட்டேன். நமக்குச் சாரம் என்றால் லுங்கி. இங்கே சாரம் என்றால் கட்டடத்தைச் சுற்றிக் கட்டுகிற சவுக்குக் கழி. அந்த அம்மா மாடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இன்னாத்த கட்டப்போற நீ? ஒண்டி ஆளுன்னு சொல்லிதான வூடு கேட்ட?" என்றார். அன்று தொடங்கிய மொழிப் பயிற்சி இன்னும் முடியவில்லை.

தேர்ச்சி பெற்றவள் என் மகள் ஜெனி. கல்லூரியில் படிக்கிறாள். நம் ஊர்க் கல்யாணப் பந்தியில் "இன்னாத்துக்கு இவ்ளோ சோறு?" என்று கேட்டு என் அக்காவை ஒரு வாரம் அழ வைத்தவள். ஞாயிறு ஆராதனைக்கு வருவதை நிறுத்திவிட்டாள். காரணம் கேட்டேன். "நீங்கல்லாம் ஞாயித்துக்கிழமை ஆனா உங்க ஊருக்குப் போய்ட்றீங்கப்பா. நான் இங்கதான கீறேன்" என்றாள். 'கீறேன்' என்பது என்னைச் சீண்டுவதற்காகச் சேர்த்தது. மீதி வாக்கியம் அப்படி இல்லை.

2

அவள் சொன்ன 'உங்க ஊர்', ஒரகடம் கூட்டுரோட்டிலிருந்து வல்லக்கோட்டை போகிற வழியில் ஒரு மாடி ஹால். தெற்கேயிருந்து வந்து தொழிற்சாலைகளில் லைனில் நிற்கிற பிள்ளைகள், அவர்களுக்கு ஷிப்ட் போடுகிற சூப்பர்வைசர்கள், அவர்களுக்கெல்லாம் பாதுகாப்பு வகுப்பு எடுத்து யாரையும் காப்பாற்றாத என்னைப் போன்றவர்கள், இவ்வளவு பேரும் சேர்ந்தது எங்கள் சபை. குருவானவர் மாதம் ஒரு ஞாயிறு வருவார். மற்ற நாளெல்லாம் கமிட்டியின் ஆட்சி. கமிட்டி என்றால் செயலாளர் ஞானசிகாமணி அண்ணாச்சி. நல்ல மனிதர். சபைக்கு மைக் வாங்கினார், நாற்காலி வாங்கினார், யார் வீட்டில் நோய் என்றாலும் ஹார்லிக்ஸோடு போய் நிற்பார். கெட்ட மனிதராக இருந்திருந்தால் இந்தக் குறிப்பை எழுதுவது எனக்குச் சுலபம்.

ஹாலுக்குக் கீழே ஓனர் ஏழுமலையின் வீடு, பக்கத்தில் அவருடைய கார் ஷெட். வல்லம் வடகால் பக்கத்து நெல் நிலம் தொழிற்பேட்டைக்குப் போனது போக மிஞ்சியதில் வரிசையாக அறைகள் கட்டி, எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார். முருக பக்தர். கிருத்திகை தோறும் வல்லக்கோட்டைக்கு நடந்தே போவார். மறுநாள் வேறொரு இடத்துக்கும் நடந்தே போவார். அங்கிருந்து திரும்பும்போதுதான் நடை கொஞ்சம் பிசகும்.

ஆண்டு விழாவுக்கு மூன்று நாள் கூட்டம், கடைசி நாள் அசனம் என்று முடிவானது. அசனம் பற்றி உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஏழுமலைக்கு விளக்க வேண்டியிருந்தது.

"வருசத்துல ஒருநாள் சபையார் எல்லாரும் ஒரே பந்தியில உக்காந்து கறிச்சோறு சாப்பிடுவோம். ஏழை பணக்காரன் வித்தியாசம் கிடையாது. ஐயர் ஜெபம் பண்ணி ஆரம்பிச்சு வைப்பார்."

"ஐயரா? ஐயரு கறிசோறு துன்னுவாரா?"

"எங்க பாஸ்டரைத்தான் நாங்க ஐயர்னு சொல்லுவோம்."

"லுங்கிய சாரம்ன்ற, பாஸ்டர ஐயர்ன்ற. இன்னா பாஷ சார் உங்களுது, பேஜாரு" என்று சொல்லி ஆடு அறுக்க இடம் கொடுத்தார்.

விழாவின் தலைப்பு 'சீஷத்துவமும் மனதுருக்கமும்'. மேடைக்குப் பின்னால் ஹாலின் அகலத்துக்கு பிளெக்ஸ் கட்டினோம். வெள்ளிக்கிழமை சீஷத்துவம், அதாவது எல்லாவற்றையும் விட்டு இயேசுவின் பின்னால் போவது பற்றி, ஞானசிகாமணி அண்ணாச்சி. ஞாயிற்றுக்கிழமை அசனத்துக்கு முன்னால் மனதுருக்கம், நான். எனக்குக் கொடுத்த பகுதி, நாயீன் ஊர் விதவையின் கதை. ஊர் வாசலில் ஒரு பாடை வருகிறது. கிடப்பவன் அந்த விதவைக்கு ஒரே பிள்ளை. எதிரே வருகிற இயேசு அவளைப் பார்த்து மனதுருகி, கிட்டே போய்ப் பாடையைத் தொடுகிறார். சுமந்தவர்கள் நின்றுவிடுகிறார்கள், செத்த பிள்ளை எழுந்து உட்காருகிறான்.

புத்தகங்களைப் புரட்டித் தயார் செய்தேன். அவள் அவரிடம் ஒன்றுமே கேட்கவில்லை என்பது ஒரு குறிப்பு. அந்தக் காலத்து முறைப்படி பாடையைத் தொட்டவனுக்குத் தீட்டு என்பது இன்னொன்று. மூன்றாவதுதான் எனக்கு ரொம்பப் பெருமை. நாம் 'மனதுருகி' என்று நாகரிகமாகச் சொல்கிற சொல் மூலமொழியில் மனசில் இல்லை, குடலில் இருக்கிறது. உள்ளே கிடக்கிற குடல் குலுங்குவதுதான் அந்தச் சொல்லுக்கு அடிப்படை. ஈரக்குலை பதறிப்போச்சு என்று நம் பெண்கள் சொல்வார்களே, அதற்குப் பக்கத்தில் வரும். இதைக் கண்டுபிடித்த மகிழ்ச்சியில் எனக்கு நானே ஒரு டீ போட்டுக் குடித்தேன்.

3

சனிக்கிழமை காலை ஹாலில் பெண்கள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள். கீழே கொல்லையில் ஆட்டுக்குடலைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். அந்த நாற்றம் மாடிப்படி ஏறி மேடை வரைக்கும் வந்திருந்தது. நான் மேடை ஓரத்தில் உட்கார்ந்து குடலைப் பற்றிய என் குறிப்பைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன்.

செல்வி படியேறி வந்தாள். வயரிங் கம்பெனி ஒன்றில் லைனில் நிற்கிறவள், முப்பது வயதுக்காரி. அவளும் அவள் அம்மா எஸ்தரும் வல்லம் வடகாலில் வேறொருவர் வீட்டுக் கீழ்த்தளத்தில் ஒரே அறையில் இருந்தார்கள். எஸ்தர் அம்மாவை எங்கள் சபையில் தெரியாதவர்கள் இல்லை. எல்லோரும் ஒரு வரி பாடி முடித்த பிறகு அந்த வரியைத் தனியாகத் தொடங்குவார். பாடகர் குழு நின்று காத்திருந்து அவரையும் கூட்டிக்கொண்டு அடுத்த வரிக்குப் போகும். ஒரு வாரமாக ஆஸ்பத்திரியில் இருந்தார்.

"அண்ணாச்சி, அம்மை போயிட்டா" என்றாள் செல்வி. "கருக்கல்லயே போயிட்டா. ஆம்புலன்ஸு கீழ நிக்கி."

குறிப்புத் தாளோடு எழுந்தேன். அவளே தொடர்ந்தாள். "வீட்டுக்கார அம்மா உள்ள கொண்டாரக் கூடாதுங்காவ. மேல்வீட்டுல கல்யாணம், பந்தக்கால் நட்டாச்சு. நான் சண்ட போடல, அவியளும் என்ன செய்வாவ? சாயங்காலம் அடக்கம் பண்ண, பக்கத்துக் கிராமத்துக் கோயில்ல கல்லறைத் தோட்டத்துல எடம் தாறோம்னு சொல்லிட்டாவ. அதுவரைக்கும்தான். இந்த ஹால்ல ஒரு ஓரமா அவளக் கெடத்தணும். குளிப்பாட்டி, சேலை மாத்தி, ஒரு பாட்டுப் பாடி எடுத்துருவோம். ஆஸ்பத்திரியிலேருந்து நேரா குழிக்குக் கொண்டுபோக என்னால முடியாது அண்ணாச்சி. அவ என்ன, கூரியரா?"

அவள் கேட்டது அவ்வளவுதான். உயிரைத் திருப்பித் தரச் சொல்லவில்லை. ஓர் ஓரம் கேட்டாள்.

4

கமிட்டி பிளெக்ஸுக்குப் பின்னால் கூடியது. செல்வி இந்தப் பக்கம் நாற்காலியில் இருந்தாள். துணிக்கு அந்தப் பக்கம் பேசினால் கேட்காது என்று எங்களுக்கு ஒரு நம்பிக்கை.

"பாவம்லா" என்று எல்லோரும் சொன்னார்கள். பாவம் என்று சொல்லிவிட்டால் அதன் பிறகு எதையும் சொல்லலாம். நாளைக்கு அந்தத் தரையில்தான் பந்தி, சின்னப் பிள்ளைகள் பயப்படும் என்றார் ஒருவர். ஐயரைக் கேட்காமல் எப்படி என்றார் இன்னொருவர். ஐயர் போனை எடுக்கவில்லை. எஸ்தர் அம்மாவின் பெயர் நம் பதிவில் இல்லை, ஊர்ச் சபையிலிருந்து மாறுதல் கடிதம் இன்னும் வரவில்லை, கணக்குப்படி அவர் விருந்தாளி என்று ஒருவர் கண்டுபிடித்தார். இத்தனை வருஷம் எங்கள் பாட்டையெல்லாம் இழுத்து நிறுத்திய விருந்தாளி. கடைசியில் எல்லோருக்கும் வசதியான ஒன்று கிடைத்தது. ஓனர் ஒத்துக்கொள்ள மாட்டார். முருக பக்தர். அவர் மனம் புண்படும்.

ஓனரை யாரும் கேட்கவில்லை.

நானும் பேசினேன். பேசாமல் இருந்தேன் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. "அப்படிச் சொல்லிர முடியாது" என்று ஆரம்பித்து, "மாற்று ஏற்பாடு ஏதாவது" என்று முடித்தேன். கம்பெனியில் விரல் போன பையன்களிடம் நான் பேசுகிற அதே தொனி. எனக்கே குமட்டியது.

அப்போது ஞானசிகாமணி அண்ணாச்சி வசனத்தை எடுத்தார். முந்தின நாள் பிரசங்கத்தின் சூடு இன்னும் ஆறவில்லை. "ஒருத்தன் ஆண்டவர்ட்ட, தகப்பனை அடக்கம் பண்ணிட்டு வாறேன்னு சொன்னான்லா. அதுக்கு அவர் என்ன சொன்னாரு? மரிச்சவங்களை மரிச்சவங்க பாத்துக்கிடட்டும், நீ வந்து ஊழியத்தப் பாருன்னு சொல்லலியா? சீஷத்துவம்னா அது. உணர்ச்சிக்கு எடங்கொடுத்தா ஊழியம் நிண்ணு போவும்."

ஊழியம் என்று அவர் சொன்னது கறிக்குழம்பை.

அன்று இரவு வீட்டுக்கு வந்து அந்தப் பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். அது கடுமையான வார்த்தைதான், மழுப்ப முடியாது. ஆனால் அது யாருக்குச் சொல்லப்பட்டது? பின்னால் வரத் தயங்கி நின்ற ஒருவனுக்கு, அவன் முகத்துக்கு நேராக. அடுத்த வீட்டு அம்மாவைத் தெருவில் நிறுத்துவதற்கு உரிமச் சீட்டாக யாரும் அதைக் கொடுக்கவில்லை. நமக்கென்று சொல்லப்பட்ட கடினத்தையெல்லாம் அடுத்தவர் தலையில் இறக்கிவைக்கிறோம். அடுத்தவருக்கென்று சொல்லப்பட்ட ஆறுதலையெல்லாம் நாம் வாங்கி மடியில் கட்டிக்கொள்கிறோம். எங்கள் சீஷத்துவத்தின் வரவு செலவு இவ்வளவுதான்.

இதெல்லாம் அப்போது தோன்றவில்லை. எனக்கு நல்ல பதில்கள் எப்போதும் பேருந்து போன பிறகுதான் வரும்.

அண்ணாச்சி வசனத்தைச் சொல்லி முடித்த நேரம் பார்த்து ஏழுமலை மேலே வந்தார். ஆம்புலன்ஸ் கேட்டை அடைத்துக்கொண்டு நிற்கிறது, வண்டி எடுக்க முடியவில்லை என்று சொல்ல வந்தவர். துணிக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "இன்னா சார், இன்னா கூட்டம்?" என்றார்.

ஓனர் முன்னால் இந்தப் பேச்சு வேண்டாம் என்று ஞானசிகாமணி அண்ணாச்சிக்குப் பட்டிருக்க வேண்டும். பேச்சை முடிப்பதற்காக, நம் ஊரில் நாளுக்குப் பத்துத் தடவை சொல்கிற வார்த்தையைச் சொன்னார். "சரி, சவத்தத் தள்ளுங்க. வேற சோலியப் பாப்பம்."

நம் காதுக்கு அதில் ஒன்றும் இல்லை. பேனா எழுதாவிட்டால் சவத்தைத் தள்ளு. பஸ் வராவிட்டால் சவத்தைத் தள்ளு. விட்டுத் தொலை என்று அர்த்தம். ஏழுமலைக்கு அந்த அகராதி கிடையாது. அவர் ஆம்புலன்ஸைப் பார்த்துவிட்டு வந்தவர். நாற்காலியில் இருந்த செல்வியையும் பார்த்துவிட்டு வந்தவர்.

"இன்னா சொன்ன?" என்றார்.

"இல்ல, அது எங்க ஊர்ப் பேச்சு..."

"பெத்த தாய இட்டுகினு வந்து ஒக்காந்துகினு கீது அந்தப் பொண்ணு. அத்து காதுல வுழற மாதிரி பொணத்தத் தள்ளுன்ற? தள்றதுக்கு அது இன்னா குப்பயா? ஞாயித்துக்கிழம ஆனா மேல ஒக்காந்துகினு அன்பு அன்புன்னு மைக்ல கத்துறீங்க, தூங்க முடியல!"

"ஓனர் சார், நீங்க தப்பாப் புரிஞ்சுக்கிட்டீங்க" என்று அண்ணாச்சி நெடுநேரம் விளக்கினார். சவம் என்றால் இங்கே பிணம் இல்லை, தள்ளு என்றால் தள்ளு இல்லை. இலக்கணம் முழுவதும் அண்ணாச்சி பக்கம். ஆனால் அந்தக் கூட்டத்தில் எங்கள் தீர்மானத்தைச் சரியாக மொழிபெயர்த்தவர் ஏழுமலை ஒருவர்தான்.

அவர் விளக்கத்தைக் கேட்கவில்லை. படியிறங்கிக்கொண்டே, "ஷெட்ல இருந்து காரை எடுடா" என்று யாரையோ பார்த்துக் கத்தினார்.

5

ஏழுமலையைப் புனிதராக்கிவிடாதீர்கள். அவருக்கும் நிபந்தனைகள் இருந்தன. "வூட்டுக்குள்ள வோணாம், ஷெட்ல வெய்யி. பொழுது சாயறதுக்குள்ள எடுத்துடணும். அப்பால ஆள வெச்சு கழுவிவுடணும், மஞ்சத்தண்ணி தெளிக்கணும், அது உங்க பொறுப்பு." எல்லாம் முடிந்ததும் அவரே போய்த் தலைக்குக் குளித்தார். தீட்டு தீட்டுதான் அவருக்கு. தீட்டு என்று தெரிந்தே இடம் கொடுத்தார்.

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த பெண்கள் கமிட்டியிடம் அனுமதி கேட்காமல் இறங்கிப் போனார்கள். ஷெட்டைச் சுற்றிச் சேலை கட்டி மறைத்து, உடலைக் குளிப்பாட்டினார்கள். அவர்கள் கண்ணிலிருந்து தண்ணீர் வந்துகொண்டிருந்தது. எவ்வளவு வெங்காயம், எவ்வளவு எஸ்தர் அம்மா என்று பிரிக்க முடியாது.

நான் ஜெனிக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். எதற்குச் சொன்னேன் என்று தெரியவில்லை, புலம்ப ஆள் வேண்டும் போலிருந்தது. குன்றத்தூரிலிருந்து ஸ்கூட்டியில் வந்து நின்றாள். என்னைத் தாண்டிப் போய் செல்வியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். இரண்டு பேருக்கும் அதற்கு முன்னால் பேச்சுவார்த்தை இருந்ததாக நினைவில்லை. "சாப்டியாக்கா?" என்று கேட்டாள். "டீ வாங்கித் தா" என்றாள் செல்வி. அன்றைக்கு முழுவதும் செல்வியிடம் யாரோ ஒருவர் கேட்டு, அவள் பதில் சொன்ன கேள்வி அது ஒன்றுதான்.

பாட்டு முடிந்ததும் ஞானசிகாமணி அண்ணாச்சி இறங்கி வந்தார். கையில் மைக். கூடவே ஒருவர் ஸ்பீக்கர் பெட்டியைத் தூக்கி வந்தார். தொண்டையைச் செருமி, "எங்களை நேசிக்கிற பரம தகப்பனே, இந்த நேரத்திலே மனதுருக்கத்தோடே..." என்று ஆரம்பித்தார்.

"அண்ணாச்சி" என்றாள் செல்வி. சத்தம் போடவில்லை. "ஜெபம் நான் பண்ணிக்கிடுதேன்."

அவர் மைக்கை நீட்டினார். அவள் அதை வாங்கவில்லை. அம்மாவின் காதருகே குனிந்து ஏதோ சொன்னாள். கடவுளிடம் சொன்னாளா, அம்மாவிடம் சொன்னாளா என்று எங்களுக்குக் கேட்கவில்லை. மைக் வைத்த ஜெபங்களுக்குப் பழகிப்போன கூட்டம் ஆமென் எங்கே சொல்வதென்று தெரியாமல் நின்றது.

கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பும்போது ஸ்கூட்டியை எனக்குப் பக்கத்தில் நிறுத்தி ஜெனி கேட்டாள். "அப்பா, நாளைக்கு நீ இன்னா பேசப்போற?"

6

பேசினேன். அதுதான் கேவலம்.

உடம்பு சரியில்லை என்று சொல்லியிருக்கலாம். வேதப்பகுதியை வாசித்துவிட்டு உட்கார்ந்திருக்கலாம். மேடை ஏறியதும் நாக்கு தானாக ஓடத் தொடங்கிவிட்டது. அவள் ஒன்றும் கேட்கவில்லை, அவர் பாடையைத் தொட்டார், சுமந்தவர்கள் நின்றார்கள். குடல் பற்றிய குறிப்பு வந்தபோது முன்வரிசையில் இரண்டு பேர் கைக்குட்டையை எடுத்தார்கள். "இப்படி ஒரு செய்தி கேட்டதில்ல அண்ணாச்சி, உள்ளத்த உடைச்சிட்டீய" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கியவர், மாறுதல் கடிதத்தைக் கண்டுபிடித்தவர். கிண்டல் இல்லை, உண்மையாகவே அழுதிருந்தார். கதையில் வருகிற பாடைக்கு அழுவது எங்களுக்குக் கைவந்த கலை. ஊர் வாசலில் நிற்கிற பாடைதான் கேட்டை அடைக்கிறது.

மனதுருக்கமும் குமட்டலும் ஒரே குடலில்தான் குடியிருக்கின்றன போல. எனக்கு வாய்த்தது இரண்டாவது. இன்னும் அடங்கவில்லை. அதனால்தான் பத்திரிகைத் தம்பி கேட்ட நகைச்சுவைக் கட்டுரை இப்படி வந்து நிற்கிறது.

பந்தி விரித்தார்கள். இலை போட்டார்கள். நான் சோற்று வாளியோடு முதல் வரிசையில் பரிமாறிக்கொண்டு வந்தேன். படியில் செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டது. செல்வி. முந்தின நாள் போட்டிருந்த அதே சுடிதார். அவள் வருவாள் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. வரிசைக் கடைசியில் போய் உட்கார்ந்தாள். பக்கத்தில் ஆள் இல்லாத ஓர் இலை. அதையும் தன் இலையையும் தண்ணீர் தெளித்துத் துடைத்தாள்.

"வாம்மா, வா" என்று ஞானசிகாமணி அண்ணாச்சி ஓடிவந்தார். "நீ வந்தது பெரிய காரியம்."

"இந்த இலை அம்மைக்கு அண்ணாச்சி" என்றாள் செல்வி.

அவர் முகம் மாறியது. சுற்றிலும் பார்த்துக்கொண்டு குரலைத் தணித்தார். "செத்தவியளுக்குப் படைக்கது நம்ம மொறை இல்லம்மா. அஞ்ஞானம்லா அது. ஐயர் வேற இருக்காரு."

"நான் படைக்கல. எடம் போடுதேன். நேத்து எடம் இல்லன்னியள்லா? இன்னைக்காவது இருக்கான்னு பாக்கேன்."

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். வாளி என் கையில் இருந்தது. இரண்டு இலைகளிலும் சோறு போட்டேன். அதைத் துணிச்சல் என்று எழுதிக்கொள்ள எனக்கும் ஆசைதான். உண்மையில் கரண்டி வரிசையாக வந்த வேகத்தில் அடுத்த இலைக்குப் போயிற்று, நான் அதைத் தடுக்கவில்லை.

ஐயர் எழுந்து நின்றார். அவருக்கு எதுவும் தெரியாது, காலையில்தான் வந்திருந்தார். "எல்லாரும் கண்களை மூடுவோம்" என்றார்.

மூடினோம். எங்களுக்கு அது நன்றாக வரும்.

பாதி ஜெபத்தில் நான் கண்ணைத் திறந்துவிட்டேன். செல்வி மூடவே இல்லை. குழம்பு வாளி இன்னும் வந்து சேரவில்லை. அவள் அம்மாவின் இலைப் பக்கம் சாய்ந்து, சோற்றின் நடுவே மூன்று விரலால், குழம்பு வெளியே ஓடிவிடாதபடி கரையெல்லாம் அணைத்து அணைத்து, குழி பறித்துக்கொண்டிருந்தாள்.